கதவைத் தட்டிய மூன்று பேர்

திண்டிவனத்தில் ஒரு மிஷன் பங்களா. இரவு நேரம். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்து இருந்தாள். வயது இருபதுதான் இருக்கும்.

அவள் பெயர் ஐடா ஸ்கடர்.

இது 1890-ம் ஆண்டு வாக்கில் நடந்தது. திண்டிவனம் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. ஐடாவின் தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே வைத்தியம் பார்த்து வந்தார். தாயார் சோபியாவுக்கு உடம்பு சரியில்லை. அவரைக் கவனித்துக் கொள்ளத்தான் ஐடா அமெரிக்காவில் இருந்து வந்திருந்தாள்.

வந்தாளே தவிர, இங்கே தங்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டும், நல்ல இடத்தில் கல்யாணம் செய்து கொள்ள வேண்டும், வசதியாக வாழ வேண்டும் என்பதே அவள் ஆசை.

அதற்குக் காரணமும் இருந்தது. ஐடா பிறந்ததே தமிழ்நாட்டில்தான். 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். தாத்தா, தகப்பனார், பெரியப்பாமார் என்று குடும்பமே மிஷன் வேலையில் இருந்தது. அவளுக்கு ஆறேழு வயது ஆனபோது தாதுவருஷப் பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். எழுந்து நிற்கவும் தெம்பு இல்லாத குழந்தைகள் அவை. அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. இந்த ஊர் வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தாள்.

மூன்று வாசல் சத்தம்

அன்று இரவு யாரோ வந்து கூப்பிட்டார்கள். ஐடா எழுந்து போனாள்.

வந்தவர் ஒரு பிராமண இளைஞர். அவர் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். அவளுக்கு வயது பதினான்கு. மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. இளைஞர் மறுத்து விட்டார். அன்னிய ஆண் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதா? அதைவிட அவள் சாவதே மேல் என்று திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடிச் சத்தம். இப்போது வந்தவர் ஒரு முஸ்லிம். அவருக்கும் அதே கஷ்டம். மனைவிக்குப் பிரசவம். தகப்பனாரும் மகளும் சேர்ந்தே சொல்லிப் பார்த்தார்கள். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்.

மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். இவர் வேறு ஜாதி. கதை மட்டும் மாறவில்லை.

ஜாதியும் மதமும் வேறாக இருந்தும், மூன்று புருஷர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள்! அவர்களுக்கு மனைவி மேல் பிரியம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரியம் இல்லாதவர் நடுராத்திரியில் வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பாரா? ஊர் வழக்கம் அவர்கள் கையைக் கட்டிப் போட்டிருந்தது.

ஐடா தூங்கவில்லை.

விடிந்தது. தெருவில் பறைச் சத்தம் கேட்டது. வேலைக்காரனை அனுப்பி விசாரித்து வரச் சொன்னாள். அவன் போய் வந்து சொன்ன செய்தி இதுதான்: மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், படித்து விட்டு இங்கேயே திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் சொன்னாள்.

திண்டிவனம் பக்கத்து ஊர்களுக்குப் படிப்பு புதிது அல்ல. பிரம்மதேசம், எண்ணாயிரம் எல்லாம் சோழர் காலத்துக் கோவில்கள் உள்ள பழைய ஊர்கள். எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் எண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஒரு பெண்ணைக் காப்பாற்றப் படித்த பெண் ஒருத்தி இல்லை.

10 ஆயிரம் டாலர்

ஐடா சொன்னபடி செய்தார். பிலடெல்பியாவில் படிப்பைத் தொடங்கி, நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர். நியூயார்க்கிலேயே இருந்திருந்தால் பணமும் பெயரும் தானாக வந்திருக்கும்.

புறப்படும் முன்பு, வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். ஒரு மூதாட்டியிடம் போய் உதவி கேட்டுக் கொண்டிருந்தார். அது பக்கத்து அறையில் இருந்த அவர் மைத்துனர் ஷெல் என்பவர் காதில் விழுந்தது. அவர் பாங்கி முதலாளி. மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு, காலமான தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார்!

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். சில மாதங்களிலேயே தகப்பனார் இறந்து போனார்.

ஐடா தளரவில்லை. பங்களாவின் ஓர் அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஆரம்பத்தில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் தாங்கவில்லை. சலோமி என்ற பெண்ணைப் பழக்கித் துணைக்கு வைத்துக் கொண்டார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

கிராமத்து ஜனங்கள் வேலூருக்கு வர முடியவில்லை என்றால், டாக்டரே போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்துவார். நோயாளிகள் காத்திருப்பார்கள். புண்ணுக்கு மருந்து போடுவதும், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதும் அங்கேயே நடக்கும். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார். மோட்டாரைக் கண்டு பயந்து ஓடியவர்களும் உண்டு!

14-க்கு 14

ஒரு டாக்டரால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? ஊருக்கு ஊர் ஒரு ஐடா வேண்டும். 1909-ல் நர்சு பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கு டாக்டர் படிப்பு என்றார். மூன்று பேர் மனுப் போட்டாலே அதிர்ஷ்டம் என்று மாகாண வைத்திய அதிகாரி சொல்லி விட்டார்.

வந்த மனுக்கள் 151!

1918 ஆகஸ்டு 12-ந் தேதி பள்ளி திறந்தது. சொந்தக் கட்டிடம் இல்லை. ஒரு மைக்ராஸ்கோப்பும், ஓர் எலும்புக்கூடும், சில புத்தகங்களுமே இருந்தன. முதல் ஆண்டுப் பரீட்சை வந்தது. மாகாணத்தில் ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் தோற்றுப் போனார்கள். வேலூர்ப் பெண்கள் 14 பேர் எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள்.

பிறகும் சோதனை வந்தது. 1938-ல் அரசாங்கம் பழைய டாக்டர் படிப்பை நிறுத்தியது. இனி பல்கலைக்கழகப் பட்டப் படிப்புதான் என்றது. அதற்கு வேண்டிய பணமோ ஆசிரியர்களோ வேலூரில் இல்லை. ஐடாவுக்கு வயது 67. ஓய்வு எடுக்க வேண்டிய வயதில் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராக உதவி கேட்டார். 1942-ல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். பெண்களுக்காகத் தொடங்கிய இடத்தில் ஆண்களைச் சேர்ப்பது ஐடாவின் பழைய தோழிகள் சிலருக்குப் பிடிக்கவில்லை. சேர்க்காவிட்டால் கல்லூரியே நிற்காது என்பதை ஐடா உணர்ந்திருந்தார்.

அவர் கல்யாணமே செய்து கொள்ளவில்லை. தாயார் சோபியா கடைசிவரை மகளோடு வேலூரிலேயே இருந்தார்.

1946-ல் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் குடியேறினார். முதுமையிலும் டென்னிஸ் ஆடினார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவர் கைக்குச் சரியாக வந்து சேர்ந்தது. 1960 மே மாதம், 89-ம் வயதில் காலமானார்.

ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய அந்த வைத்தியம்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இப்போது அங்கே 2 ஆயிரத்துக்கும் அதிகமான படுக்கைகள் உள்ளன. 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அதன் பெயரில் தபால் தலை வெளியிட்டார்கள். பெண்கள் படிக்கப் பள்ளி திறந்த அதே தேதி.