ஏழையர் நோயின் காரணம் கண்ட டாக்டர் கோல்ட்பெர்கர்

ஏழை எளியவரைப் பீடிக்கும் நோய்க்கு அவர்தம் பிறப்பையும் அழுக்கையும் காரணமாகக் கூறும் வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் அது வேரூன்றியிருந்தது. ஆராய்ச்சியால் அதனை எதிர்த்து நின்றவர் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர்.

1874ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் அவர் தோன்றினார். 1883இல் அக்குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறியது. தந்தையார் மளிகைக் கடை நடத்தினார். பொறியியல் பயிலச் சென்ற மைந்தர் மருத்துவத்திற்கு மாறி 1895இல் பட்டம் பெற்றார். 1899இல் அரசுச் சுகாதாரப் பணியில் அமர்ந்தார். மஞ்சட்காய்ச்சல், டெங்கு, டைபஸ் ஆகியவற்றை ஆராயச் சென்று, மூன்றுக்கும் தாமே ஆளாகிப் பிழைத்தார்.

1914இல் பெல்லாக்ரா என்னும் நோயை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்து, இறுதியில் உயிரையே வாங்கும் நோய் அது. தென்மாநிலங்களின் பருத்திக் குத்தகையாளரும் ஆலைத் தொழிலாளரும், கறுப்பரும் வெள்ளையருமாக, அதற்கு இரையாயினர். தொற்றுக் கிருமியே காரணம் என்றனர் மருத்துவர் பலர். டேவன்போர்ட் என்ற அறிஞரோ பரம்பரைக் கூறும் உண்டென 1916இல் எழுதினார். ஏழையின் இரத்தத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கூற்று இது!

கோல்ட்பெர்கர் அநாதை விடுதிகளுக்கும் மனநோய் மருத்துவமனைகளுக்கும் சென்று பார்த்தார். நோயாளிகளுடன் நாள்தோறும் பழகிய ஊழியர் எவருக்கும் நோய் வரவில்லை. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர விடுதியொன்றில் பாலுண்ட சிறு குழந்தைகளும், வேலை செய்வதால் இறைச்சி பெற்ற பெரிய பிள்ளைகளும் பெரிதும் தப்பினர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலானவரே அகப்பட்டனர். அவர்தம் தட்டில் இருந்தவை மக்காச்சோளக் களியும் வெல்லப்பாகுமே. பால், முட்டை, இறைச்சி, பயறு வழங்கச் செய்தார்; அடுத்த ஆண்டில் நோய் ஏறத்தாழ மறைந்தது.

பின்னர் 1915இல், மன்னிப்பு வாக்குறுதி பெற்று முன்வந்த சிறைவாசிகள் பதினொருவருக்குச் சோள உணவே அளித்தார். சில திங்களில் அறுவருக்கு நோய் கண்டது. (இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. ஆகவே 1916இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக் கொண்டார். அவர்தம் தோற்பொருக்கையும் கழிவையும் மாவுடன் உருட்டி விழுங்கினார். செல்வக் குடியிற் பிறந்த அவர் மனைவி மேரியும் இரத்தம் ஏற்றுக் கொண்டார். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

என் கருத்தில், இவற்றினும் பெரும்பணி அவர் சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளியல் அறிஞருடன் தென் கரோலினா ஆலைக் கிராமங்கள் ஏழில் வீடு வீடாகத் திரட்டிய கணக்கேயாகும். வருவாய் குறையக் குறைய நோய் பெருகியது அதில் தெளிவாயிற்று. மருந்தினும் கூலியே முதலில் வேண்டும் என்ற முடிவு தென்மாநிலத் தலைவர்களுக்குக் கசந்தது.

பின்னர் ஈஸ்ட் மலிவான மருந்தெனக் கண்டார். 1927 மிசிசிப்பி வெள்ளத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அதனை வழங்கியது. 1929 ஜனவரி 17இல் புற்றுநோயால் மறைந்தார். குறைபட்ட சத்து நியாசின் என்பது 1937இல்தான் வெளிப்பட்டது. தக்காணத்தில் சோளமே உண்டு வாழ்ந்த ஏழையரிடமும் இந்நோய் இருந்தது. 1960 அளவில் ஐதராபாத்தில் அதனை ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்தில் பிறந்தவர்.