பஸ்ஸுக்கு முன்னால் காந்தம், பின்னால் கரி அடுப்பு: தஞ்சாவூர் ரோட்டில் தொடங்கிய டி.வி.எஸ் கதை

டெல்டாவில் டி.வி.எஸ் 50 ஓடாத தெரு இருக்காது. முன்னால் யூரியா மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் ஓட்டுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. வண்டியில் எழுதியிருக்கும் அந்த மூன்று எழுத்து ஏதோ கம்பெனிக்காரர்கள் யோசித்து வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் இனிஷியல். திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் அய்யங்கார் என்பதுதான் சுருங்கி டி.வி.எஸ் ஆனது.

அவர் இந்த மொபெட்டைப் பார்த்ததே இல்லை. வண்டி வந்தது 1980இல். அவர் இறந்தது 1955இல். இன்னொரு விஷயம், அவர் சொந்தமாக ஒரு காரையோ பஸ்ஸையோ தயாரித்து விற்றவரும் இல்லை. அவர் செய்தது வேறு வேலை. கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டு வண்டிகளை, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத ஊரில், மாட்டு வண்டிக்காகப் போட்ட ரோட்டில், நிற்காமல் ஓட வைத்தார். இன்றைக்குப் பழைய காரை வாங்கி வீட்டு ஷெட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்ட்ஸ் கிடைக்கவில்லை, டயர் கிடைக்கவில்லை, ஒரு போல்ட்டுக்காக மாசக்கணக்கில் வண்டி நிற்கிறது என்று அவர்கள் சொல்லும் அத்தனை பாட்டையும் அவர் டிக்கெட் வாங்கிய பயணிகளை உட்கார வைத்துக்கொண்டு பட்டார். இதுதான் வித்தியாசம்.

வக்கீல் வேலையும் வேண்டாம், பேங்க் வேலையும் வேண்டாம்

1877 மார்ச் 22ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். சட்டம் படித்து வக்கீலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதற்கப்புறம் ஒரு வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலே ஊரில் பெரிய மரியாதை. மூன்றையும் விட்டுவிட்டு மோட்டார் தொழிலுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டி.வி.எஸ் குழுமம் தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1911. மறு வருஷம், 1912இல், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் பஸ் விட்டார்.

ஏன் இந்த ரூட்?

ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு ரயில் எங்கே இல்லை என்பது தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுக்கோட்டைக்கு 1929 வரை ரயில் கிடையாது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். கோர்ட், கச்சேரி, வியாபாரம், கல்யாணம் காட்சி என்று ஜனங்கள் போய் வந்துகொண்டேதான் இருந்தார்கள், மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும். காலையில் கிளம்பினால் போய்ச் சேர இருட்டிவிடும்.

பாதையும் லேசுப்பட்டது இல்லை. தஞ்சாவூர் என்றாலே வயலும் வாய்க்காலும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரின் தெற்கே கொஞ்ச தூரம் போனால் வண்டல் மண் முடிந்து செம்மண் மேடு ஆரம்பித்துவிடும். மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த 1934க்கு முன்னால் அந்தப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வெயிலில் புழுதி, மழையில் சேறு. கந்தர்வகோட்டை வழியாகப் போகும் இந்த ரோட்டில்தான் மோட்டார் வண்டி ஓட வேண்டியிருந்தது.

அன்றைய வண்டி என்ன லட்சணம்?

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் வண்டி அப்போது இல்லை. அமெரிக்காவில் கேடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததே 1912 மாடலில்தான். மற்ற வண்டிகளுக்கு எல்லாம் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். ராத்திரி வெளிச்சத்துக்கு கார்பைடு விளக்கு. கியர் மாற்றும்போது இன்ஜின் வேகத்தையும் கியர் வேகத்தையும் காதால் கேட்டுப் பொருத்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். வெயில் காலத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். வழியில் குளமோ கிணறோ பார்த்து நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால்தான் அடுத்த ஊர்.

உடைந்தால்? பார்ட்ஸ் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால் கொல்லன் பட்டறையும் லேத்தும்தான் கதி. நம் ஊரில் மோட்டார் மெக்கானிக் என்ற ஒரு வேலையே இப்படித்தான் உருவானது. (கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டித் தொழில் கற்றதும், 1920இல் பொள்ளாச்சி-பழனி பஸ் விட்டதும் இதே தலைமுறைக் கதைதான்.)

ஆணி பொறுக்கும் காந்தம்

சுந்தரம் அய்யங்காரைப் பற்றி இன்று வரை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. காலையில் முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால், காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓட்டி, விழுந்து கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க வைப்பாராம்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம் அடிப்பார்கள். ஒரு ஜோடி மாடு என்றால் எட்டுக் காலுக்குப் பதினாறு லாடம், ஒவ்வொன்றிலும் சில ஆணிகள். பாரம் இழுத்துத் தேய்ந்த லாடத்திலிருந்து ஆணி கழன்று விழுந்துகொண்டே இருக்கும். நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டிப் போகும் அறுவடைக் காலத்தில் ரோடு எப்படி இருந்திருக்கும்? டயரோ இறக்குமதிச் சரக்கு. பஞ்சர் ஆனால் நடுவழியில் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, ஒட்டி, கைப்பம்பால் காற்றடிக்கும் வரை பயணிகள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டி.வி.எஸ் பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கம் சொல்வதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். டிரைவர் வேகமாக ஓட்டினால் பஸ் நேரத்துக்கு வந்துவிடாது. வழியில் நிற்காமல் இருந்தால்தான் வரும். கிளம்புவதற்கு முன்னாலேயே எது தேயும், எது கழலும், எது கொதிக்கும் என்று பார்த்துச் சரி செய்து அனுப்ப வேண்டும். வண்டி கெட்டுப்போனபிறகு ரிப்பேர் பார்ப்பது ஒரு வகை. கெடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. அய்யங்கார் இரண்டாவது வகை.

பஸ் தொழில் மதுரையை மையமாக வைத்து வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. வண்டி விற்பனை, ஸ்பேர் பார்ட்ஸ், ஒர்க்‌ஷாப் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் எல்லாம் அந்த வரிசைதான். 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மிகப்பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்றாக சுந்தரம் மோட்டார்ஸ் இருந்தது.

பெட்ரோல் இல்லை, ரப்பரும் இல்லை

உண்மையான சோதனை வந்தது இரண்டாம் உலகப் போரில். 1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பான் கைக்குப் போயின. மலாயா போனதால் ரப்பருக்குத் தட்டுப்பாடு, பர்மா போனதால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. இருந்ததெல்லாம் ராணுவத்துக்கு, மிச்சம்தான் ரேஷனில். நாடு முழுக்கப் பஸ் முதலாளிகள் வண்டியை ஷெட்டில் ஏற்றி நிறுத்த வேண்டிய நிலைமை.

அப்போது வந்ததுதான் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட். பஸ்ஸின் பின்பக்கம் ஓர் ஆள் உயர இரும்புப் பீப்பாய். அதற்குள் மரக்கரி. கரியை முழுசாக எரிய விடாமல் காற்றை அளவாகக் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அது எரியக்கூடியது. அந்த வாயுவைக் குளிர வைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, பெட்ரோல் போக வேண்டிய இடத்தில் இன்ஜினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும்.

ஓடும், ஆனால் சுலபமாக ஓடாது. காலையில் கரியைப் பற்றவைத்து, கையால் சுற்றும் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி, வாயு சரியாக வருகிறதா என்று கொளுத்திப் பார்த்து, அதற்கப்புறம்தான் இன்ஜினை எழுப்ப முடியும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும், மேட்டில் மூச்சு வாங்கும். வடிகட்டியைத் தாண்டி உள்ளே போகும் கசடு வால்விலும் பிஸ்டனிலும் படியும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். வாயு கசிந்தால் மணமும் இருக்காது, நிறமும் இருக்காது, ஆளையே கொன்றுவிடும். ஐரோப்பாவிலும் அந்த வருஷங்களில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும் எல்லாரும் நிம்மதியாகக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எந்த இன்ஜினையும் எப்படியும் ஓட்டலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்தக் கரிப் பீப்பாய்தான் என்று சொன்னால் மிகையாகாது.

டயருக்கும் இதே மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ரீட்ரேடிங். டயரில் முதலில் தேய்வது மேலே இருக்கும் பட்டை மட்டும்தான். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு நன்றாக இருந்தால் டயருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த பரப்பைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்துச் சூடேற்றினால் மறுபடியும் ஓடும். அய்யங்கார் இதற்கென்றே தொழிற்சாலை வைத்தார். இன்றைக்கும் லாரிக்காரர்கள் பாதிச் செலவை மிச்சம் பிடிப்பது இந்த வழியில்தான்.

வீட்டுக்குள் ஒரு போராட்டம்

அவருடைய மகள் சௌந்தரம். சின்ன வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் பிளேக் நோயில் இறந்துபோனார். அதற்கப்புறம் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் டாக்டரானார். ஜி.ராமச்சந்திரன் என்ற மலையாளி காந்தியவாதியை அவர் திருமணம் செய்துகொள்ள விரும்பியபோது வீட்டில் கடும் எதிர்ப்பு. விதவை மறுமணம், அதுவும் சாதி தாண்டி. காந்தி இருவரையும் ஒரு வருஷம் பிரிந்திருந்து யோசிக்கச் சொன்னார். மனசு மாறவில்லை. 1940இல் காந்தி முன்னிலையில் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் இந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கம் உருவாக்கியதுதான் காந்திகிராமம். சௌந்தரம் மத்திய துணை அமைச்சராகவும் இருந்தார். வக்கீல் தொழிலை உதறிவிட்டு பஸ் விடப்போன மனிதர், தன் மகள் ஊர் வழக்கத்தை உதறியபோது சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

பஸ் போனது, பார்ட்ஸ் நின்றது

1955 ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அதற்குப் பிறகு பதினேழே வருஷத்தில், 1972இல், தமிழ்நாட்டில் தனியார் பஸ் ரூட்டுகள் பல அரசுடைமை ஆயின. மதுரையில் டி.வி.எஸ் பஸ்களை வைத்துப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் பஸ்களை வைத்து சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டெல்டாவில் அந்தப் பழைய கம்பெனிப் பெயர்களைச் சொல்லிப் பஸ் ஏறிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பஸ் மட்டுமே வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் மகன்கள் வேறு பாதையில் போய்விட்டார்கள். வண்டி வாங்கக் கடன் கொடுக்க 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸ். 1960களில் ஸ்டார்ட்டருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டி.வி.எஸ், பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, போல்ட் நட்டுக்கு சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். கவனித்தால் தெரியும்: தஞ்சாவூர் ரோட்டில் எதெல்லாம் கழன்றும் தேய்ந்தும் வண்டியை நிறுத்தியதோ, அதையெல்லாம் உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்று அம்பாசடரையோ, மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ வீட்டில் வைத்துத் தட்டிக்கொட்டி ஓட வைப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் அத்துப்படி. பானட்டைத் தூக்கினால் எங்காவது ஒரு மூலையில் கண்ணில் படும். ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்துத்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே உருவானது என்பதால், அந்தக் காரை நம் ஊரில் வைத்திருப்பவர்களுக்குக்கூட ஹெரால்டின் பழைய பார்ட்ஸ் ஓரளவு கைகொடுக்கும்.

அய்யங்கார் பஸ் விட்ட அந்தத் தஞ்சாவூர்-புதுக்கோட்டை சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 36. லாட ஆணி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.