பருமனால் பட்டம் இழந்த மன்னன்

அரசர்கள் முடியிழந்த காரணங்கள் பல. போரில் தோற்று இழந்தவர் உண்டு; உடன்பிறந்தாரின் சூழ்ச்சியால் இழந்தவரும் உண்டு. தேகம் பருத்துவிட்டது என்ற குற்றச்சாட்டின் பேரில் முடியிழந்தவன் ஒருவனையும் சரித்திரம் காட்டுகிறது. ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில் லியோன் என்ற கிறிஸ்தவ ராஜ்யத்தை ஆண்ட முதலாம் சாஞ்சோவே அவன். அவன் கதையை இன்று நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பருமன் நோயா, குற்றமா என்ற வழக்கு ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் தீர்ந்தபாடில்லை.

சாஞ்சோ, இரண்டாம் ராமிரோ மன்னனின் குமாரன். மூத்தாள் மகனான மூன்றாம் ஓர்தோன்யோ 956-ல் இறக்கவே, அரசு இவன் கைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 958-ல், பிரபுக்கள் இவனை விரட்டினர். குதிரை ஏற மாட்டாதவன், வாள் பிடிக்க மாட்டாதவன், பிறர் தோள் பற்றாமல் நடக்கவும் இயலாதவன் என்று இவனைப்பற்றிக் கதைகள் வழங்குகின்றன. படைக்கு முன்னே செல்வது அரசனின் முதற்கடமையாக இருந்த காலம் அது. ஆதலால் குற்றச்சாட்டுக்கு வலு இருந்தது. ஆனால் கிளர்ச்சிக்குத் தலைமை வகித்தவர் யார்? கஸ்தீல் பிரதேசத்தின் பிரபு பெர்னான் கொன்சாலெஸ். புதிதாக அரியணையில் அமர்த்தப்பட்ட நான்காம் ஓர்தோன்யோவுக்கு அவர் தம் மகளையே மணம் செய்து கொடுத்தார். மன்னனின் வயிற்றைச் சுட்டிய விரல், மருமகனின் முடியையும் சேர்த்தே சுட்டியது.

சாஞ்சோ நவார் நாட்டின் தலைநகரான பம்பலோனாவுக்கு ஓடினான். அவன் தாயைப் பெற்ற தோதா ராணி அங்கே இருந்தாள். கார்டோவாவில் ஆண்ட கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம் அவள் உதவி வேண்டினாள். போர்க்களத்தில் பகைவர்களாயினும் இருவரும் ரத்த உறவினர். தோதா கலீபாவுக்கு அத்தை முறை. கலீபா தம் அவையிலிருந்த யூத வைத்தியர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தை அனுப்பினார். மருந்தில் எவ்வளவு வல்லவரோ, ராஜதந்திரத்திலும் அவ்வளவு வல்லவர் ஹஸ்தாய். பத்துக் கோட்டைகளைக் கலீபாவுக்குக் கொடுப்பது, சிகிச்சைக்குக் கார்டோவாவுக்கே நேரில் வருவது என்று பேசி முடித்தார். முதிய ராணியும் பேரனும் பகைவரின் தலைநகருக்குப் பயணமாயினர்.

அங்கே நடந்த சிகிச்சை யாது? அஸ்தோர்கா நகரத்து பிஷப் சாம்பிரோ எழுதிய வரலாறு, முஸ்லிம்கள் ஒரு மூலிகை கொடுத்து வயிற்றின் பருமனைப் போக்கினர் என்ற அளவோடு நிற்கிறது. அரசனின் உதடுகளைத் தைத்து, நாற்பது நாள் குழாய் வழியே கஷாயம் மட்டும் புகட்டினர் என்பது பின்னாளில் பரவிய கதை. அக்கதையின் உட்கருத்து நமக்கும் பழக்கமானதே: வாயைக் கட்டினால் தேகம் மெலியும், கட்ட மாட்டாதவன் மனவுறுதியற்றவன்.

இக்கருத்தை நவீன வைத்தியம் ஆட்டங்காணச் செய்துவிட்டது. 1966-ல் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்ற ரண வைத்தியர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு நேரே இணைக்கும் சிகிச்சையைத் துவக்கினார். உணவுக்கு இடம் குறுகுவதால் நோயாளி மெலிகிறார் என்பது எளிய விளக்கம். பின்னர் கண்டதோ அதற்கு மேற்பட்டது. சிகிச்சை பெற்றவர்களில் பலர், முன்பு விரும்பிய தித்திப்பும் கொழுப்பும் இப்போது நாவுக்குப் பிடிக்கவில்லை என்கின்றனர். சிலருக்குச் சில உணவுகளின் வாசனையே குமட்டுகிறது. இது எல்லோருக்கும் ஒருபடித்தாய் நிகழ்வதில்லை. வயிறு நிறைந்ததை மூளைக்கு அறிவிக்கும் குடற்சுரப்புகள் சில பெருகுகின்றன. குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமும் மாறுகிறது. 2013-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். இச்சிகிச்சை பெற்ற சுண்டெலிகளின் குடற்கிருமிகளை, கத்தியே படாமல், கிருமியற்று வளர்க்கப்பட்ட வேறு சுண்டெலிகளுக்குள் செலுத்தினர். அவையும் எடை குறைந்தன. மனிதரிடத்தும் அவ்வண்ணமே நிகழும் என்று இதனால் முடிவு கட்டலாகாது. ஆயினும் அந்தச் சுண்டெலிகளுக்குத் திடீரென மனவுறுதி பிறந்தது என்று எவரும் சொல்லத் துணியார்.

மெலிந்த சாஞ்சோ கலீபாவின் படையுடன் திரும்பினான். 959-ல் ஸமோரா நகரம் அவன் வசமாயிற்று. 960-ல் அரியணை மீண்டது. 961-ல் அப்துர் ரஹ்மான் இறந்ததும், பேசிய கோட்டைகளைத் தராமல் காலங்கடத்தினான். அடுத்த கலீபா இரண்டாம் அல் ஹக்கம் படையெடுத்த பின்னரே பணிந்தான். 966-ல் கொன்சாலோ என்ற பிரபு நஞ்சிட்ட பழத்தால் அவனைக் கொன்றதாக வரலாறு கூறுகிறது. ஐந்து வயதுப் பாலகன் மூன்றாம் ராமிரோ பட்டத்துக்கு வந்தான்.

வயிறு கரைந்த பின்னும் பிரபுக்கள் அவனை விட்டுவைக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பருமன் அவர்களுக்குக் கிடைத்த நல்ல சாக்கு, வேண்டியிருந்தது அதிகாரம். சாஞ்சோவை உத்தம அரசன் என்று வாதாட நாம் முன்வரவில்லை. அந்நியப் படையின் துணையால் முடி பெற்றான். கொடுத்த வாக்கைக் காக்கவில்லை. இவற்றுக்காக அவனைக் கண்டிப்பது நியாயம். பசியும் சுவையும் வாசனையும் குடற்கிருமிகளும் கூடிச் செய்யும் காரியத்துக்காக ஒருவனைக் கண்டிப்பது நியாயமன்று. பொதுமேடையில் எதிரியின் கொள்கையை மறுக்க வகையறியாது அவன் உடம்பை ஏளனம் செய்வோர், லியோன் பிரபுக்களின் வழிவந்தோரே. கைதட்டல் கிடைக்கும், வாதம் வெல்லாது.

சாஞ்சோ தன் பருமனைக் கார்டோவாவில் விட்டு வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. சரித்திர நூல்களில் அவன் பெயர் இன்றும் பருத்த சாஞ்சோவேதான்.