பிழையின் வேர் கண்ட பேரறிஞர்

வழி நடப்பவர்க்கே கால் இடறும். வாளா இருப்பவர்க்கு இடறலும் இல்லை, சென்று சேரும் இடமும் இல்லை. இடறிய அளவில் சோர்ந்து திரும்புவோர் பலர். இடறிய கல்லை அப்பால் எறிந்துவிட்டு மேற்செல்வோர் சிலர். அக்கல் அவ்விடத்திற்கு எவ்வாறு வந்தது என ஆராய்ந்து, பின்வருவோர்க்கும் அது தடையாகாவண்ணம் செய்வோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர், அமெரிக்க நாட்டில் தோன்றிய அளவையியல் அறிஞராகிய ஹாஸ்கெல் புரூக்ஸ் கர்ரி என்பார். கணினிக்கு நிரல் எழுதுவோர் பயிலும் மொழிகளுள் ஒன்று, ஹாஸ்கெல் என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கர்ரி, 1900ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்லிஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் பாஸ்டன் நகரில் பேச்சுக்கலை பயிற்றும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். மருத்துவம் பயிலும் கருத்தோடு 1916இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புக்க கர்ரி, கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1920இல் அத்துறையிலேயே பட்டம் பெற்றார். பின்னர்ச் சில காலம் மின்பொறியியலும், அதன்பின் இயற்பியலும் கற்று, 1924இல் முதுகலைப் பட்டம் எய்தினார். இங்ஙனம் துறைதோறும் சென்று பயின்றும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. ஒவ்வொரு கலையிலும் அடிப்படை யாது என்று வினவுவதே அவரது இயல்பாய் இருந்தது.

அவ்வியல்பு அவரை அளவையியலுக்கு இட்டுச் சென்றது. 1922ஆம் ஆண்டில், ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் இயற்றிய கணித அடிப்படை நூலைக் கர்ரி பயிலத் தொடங்கினார். ஒரு வாய்பாட்டில் உள்ள குறிக்கு மாற்றாக வேறொன்றை இடும் விதி அவர் கண்ணில் பட்டது. பிறர் எளிதெனக் கருதிக் கடந்த அவ்விதி, ஆராயுங்கால் மிகவும் சிக்கலுடையதாய் அவருக்குத் தோன்றியது. அதனைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்தறிய அவர் முயன்றார். பின்னர்ப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்தபோது, ருசிய அறிஞர் ஷோன்ஃபிங்கெல் 1924இல் வெளியிட்ட கட்டுரையொன்றை அங்குள்ள நூலகத்தில் கண்டார். தாம் தனித்து எண்ணியவற்றுட் சில அதனுள் முன்னரே கூறப்பட்டிருந்தன. அது கண்டு கர்ரி மனம் தளரவில்லை; அழுக்காறு கொள்ளவுமில்லை. அக்கருத்துகள் வளர்ந்த ஜெர்மனி நாட்டுக் கோட்டிங்கன் நகருக்கே சென்று, ஹில்பர்ட், பெர்னேஸ் என்னும் பேராசிரியர்களை அடுத்து ஆராய்ந்து, 1930இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் வளர்த்த துறை சேர்ப்பு அளவையியல் எனப்படும். ஒன்றைப் பெற்று மற்றொன்றைத் தரும் விதியைக் கணிதத்தில் சார்பு என்கிறோம். சார்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு சேரும் என ஆராய்வதே இத்துறையின் நோக்கம். இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்டித் தரும் சார்பு ஒன்று உளதெனக் கொள்வோம். அதற்கு 5 என்னும் எண்ணை மட்டும் முதலில் கொடுத்தால், இனி வரும் எண்ணோடு 5ஐக் கூட்டித் தரும் புதியதொரு சார்பு கிடைக்கும். இவ்வாறு ஒவ்வோர் உள்ளீடாக ஏற்கும் முறை இன்று கர்ரியின் பெயரால் வழங்குகின்றது. ஆயினும், ஷோன்ஃபிங்கெல் இதனை முன்னரே ஆண்டிருந்தார். பிறர்க்குரிய சிறப்பை மறையாது எடுத்துரைக்கும் பண்பு கர்ரியிடம் இருந்தது.

கர்ரி 1929 முதல் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் பணியாற்றி வந்தார். அக்காலத்தில் பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச் என்பாரும் இத்தகைய அளவை முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். 1935இல் சர்ச்சின் மாணாக்கராகிய கிளீனி, ராசர் என்னும் இருவர், சர்ச்சின் முறையும் கர்ரியின் முறையின் ஒரு விரிவும் முரணுடையன என நிறுவினர். முரணுடைய முறையில் எப்பொய்யையும் மெய்யென நிறுவலாம். பல்லாண்டு முயன்று எழுப்பிய மாளிகையின் அடித்தளம் விரிசல் கண்டாற்போன்றது அந்நிலை. சர்ச், முறையின் அளவைப் பகுதியை விலக்கிச் சார்புப் பகுதியை மட்டும் காத்துக்கொண்டார். கர்ரியோ, விரிசல் எங்குத் தோன்றியது என்பதனோடு அமையாது, எதனால் தோன்றியது என்பதை அறியப் புகுந்தார்.

கிளீனியும் ராசரும் காட்டிய நிறுவல் நீண்டது. பல கருவிகள் கலந்தது. அவற்றுள் எது குற்றத்திற்குக் காரணம் என்பது வெளிப்படவில்லை. கர்ரி தேவையற்றவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தார். களையக் களைய முரண் மறையவில்லை, மாறாகத் தெளிவுற்றது. 1942இல் அதன் மிகச் சிறிய வடிவை அவர் வெளியிட்டார். அதன் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இவ்வுரை மெய்யாயின் கடல்நீர் இனிக்கும் என ஓர் உரை தன்னையே சுட்டிக் கூறுவதாகக் கொள்க. அது மெய்யென்று ஒரு கணம் வைத்துக்கொண்டால், அது கூறியபடியே கடல்நீர் இனித்தல் வேண்டும். ஆகவே, அவ்வுரை மெய்யாயின் கடல்நீர் இனிக்கும் என்பது பெறப்பட்டது. ஆனால் அவ்வுரை கூறுவதும் இதுவே. எனவே உரை மெய். உரை மெய்யாதலின் கடல்நீர் இனிக்கும்! பொய்யென மறுக்கும் சொல் ஒன்றும் இதில் வரவில்லை என்பது நோக்கத்தக்கது. எவ்வித வரம்புமின்றித் தன்னைத் தனக்கே உள்ளீடாகக் கொள்ளும் ஆற்றலும், ஆயின் என்னும் இணைப்பும் சேர்ந்தவிடத்தில் இம்முரண் பிறக்கும் என்பதைக் கர்ரி தெளிவாக்கினார்.

நோயின் முதல் அறிந்தபின் மருந்தும் புலப்படும். ஒவ்வொரு சார்பும் எவ்வகைப் பொருளை ஏற்கும், எவ்வகைப் பொருளைத் தரும் என வரையறுக்கும் வகைக் கொள்கையைக் கர்ரி 1934இலேயே ஆராயத் தொடங்கியிருந்தார். அதன் அடிப்படை வடிவில், தன்னைத் தானே உள்ளீடாகக் கொள்ளும் சார்புக்கு வகை கிடையாது. பிற்காலத்தில் அக்கொள்கையின் முழு விரிவிலும் முரண் இருத்தலைக் கர்ரி தாமே கண்டறிந்து, 1950களில் தாமே உலகிற்கு அறிவித்தார். தம் பிழையைப் பிறர் காட்டியபோது சினவாதிருத்தல் பெருமை. பிறர் காணாத தம் பிழையைத் தாமே காட்டுதல் அதனினும் பெருமை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கர்ரி நாட்டுப் பணியில் ஈடுபட்டார். 1945, 1946ஆம் ஆண்டுகளில் அபர்டீன் என்னும் இடத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில், எனியாக் என்னும் தொடக்ககால மின்னணுக் கணினியோடு தொடர்புடைய ஆய்வுகளைச் செய்தார். பெரிய நிரல்களைச் சிறு நிரல்களின் சேர்க்கையாக அமைக்கும் முறையையும் ஆராய்ந்து எழுதினார். 1966இல் பென்சில்வேனியாவிலிருந்து ஓய்வு பெற்று, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணி புரிந்தார். 1982ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1987இல், சார்புகளையே அடிப்படையாகக் கொண்ட நிரல்மொழி ஒன்றைப் படைக்க அறிஞர் குழுவொன்று கூடியது. அம்மொழிக்கு ஹாஸ்கெல் எனப் பெயரிட்டு, 1990இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டனர். தம் கணவர் அப்பெயரை விரும்பியதில்லை என்று கர்ரியின் துணைவியார் குழுவினரிடம் கூறினாராம். விரும்பாத பெயரே அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

அம்மொழியைப் பயிலும் மாணவரைத் திகைக்க வைக்கும் பிழைகள் சில உள. கூட்டற் சார்பை ஆளுமிடத்தில் ஓர் எண்ணைக் கொடுக்க மறந்தால், அங்கே பிழை தோன்றாமற் போகலாம். முன் கண்டபடி, புதியதொரு சார்பு உருவாகிவிடும். எண்ணை வேண்டி நிற்கும் வேறோர் இடத்திற்கு அது சென்று சேரும்போதுதான், நிரலைச் சரிபார்க்கும் தொகுப்பி குற்றம் கூறும். மாணவர் அவ்விடத்தையே உற்று நோக்கி, குற்றம் காணாது மயங்குவர். வேர் ஓரிடம், வாடிய இலை வேறிடம். இன்னும், ஒரு பட்டியலோடு மற்றொரு பட்டியலை இணைக்க வேண்டிய இடத்தில், பட்டியலைத் தன்னுள்ளேயே ஓர் உறுப்பாக இடுமாறு எழுதிவிட்டால், முடிவற்ற வகையை அமைத்தல் இயலாது எனத் தொகுப்பி மறுக்கும். தன்னையே தன்னுள் அடக்க முயலும் குற்றம் இது. 1942இல் கர்ரி தனித்துக் காட்டிய அச்சிக்கலின் நெருங்கிய உறவே இப்பிழை.

இவற்றைத் தீர்க்கும் வழியும் கர்ரி சென்ற வழியே. நிரலில் தொடர்பற்ற பகுதிகளைக் களைந்து, பிழை நீங்காத மிகச் சிறிய பகுதியைக் காணுதல் வேண்டும். ஒவ்வொரு சார்புக்கும் அதன் வகையை வெளிப்பட எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதின், தொகுப்பி சுட்டும் இடம் பிழை பிறந்த இடத்திற்கு அணித்தாய் அமையும். பிழையைக் கண்டு நாணுதலும் அஞ்சுதலும் வேண்டா. கணக்கிலாயினும் நிரலிலாயினும் வாழ்விலாயினும், பிழை நேர்ந்தவழி அதனை மறையாது, பழியைப் பிறர்மேல் ஏற்றாது, பொறுமையோடு அதன் வேரை நாடுவதே அறிவுடையோர் கடன். அக்கடனை வாழ்நாள் முழுதும் ஆற்றிய கர்ரியின் வரலாறு, கற்போர் உள்ளத்தில் என்றும் நிலைத்து நிற்பதாக.