சட்டாம்பிள்ளையும் ஆண்ட்ரூ பெல்லும்

இரயிலும் அச்சுப் புத்தகமும் பரவாத காலத்தில், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடமாக விளங்கிற்று. ஆசிரியர் ஒருவரே. அரிச்சுவடி தொடங்கும் ஐந்து வயதுச் சிறுவனும், நிகண்டை நெட்டுருச் செய்யும் பதினைந்து வயது இளைஞனும் அத்திண்ணையில் ஒருங்கே அமர்ந்திருப்பர். இத்தனை பேருக்கும் ஒருவர் எவ்வாறு கற்பித்தார்? மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பித்தனர். அம்மூத்தோருள் தலைமை பெற்றவனைச் சட்டாம்பிள்ளை என்று வழங்கினர். சிறுவர்களின் விரலைப் பிடித்து மணலில் எழுத்து எழுதச் செய்வதும், வாய்பாட்டைத் தான் முன்சொல்லி அவர்களைப் பின்சொல்லச் செய்வதும், ஆசிரியர் இல்லாதபோது பள்ளியைக் காப்பதும் அவன் கடமைகள். இதற்காக அவன் கூலி பெற்றதில்லை. அவன் கைப்பிரம்புக்கு அஞ்சி நடுங்கிய பிள்ளைகளும் உண்டு என்பதையும் மறைத்தலாகாது.

எளிய இம்முறையை ஒரு நாட் காலையில் தற்செயலாகக் கண்டு, பின்னர் கடல் கடந்து இங்கிலாந்தில் பரப்பியவர் ஆண்ட்ரூ பெல் என்பவர்.

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய நகரம் ஒன்று உண்டு. அந்நகரில் 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் பெல் பிறந்தார். அவர் தந்தை முடிதிருத்தும் தொழிலாளர். எனினும் பொறிநுட்பத்திலும் சதுரங்கத்திலும் தேர்ந்தவர் என ஊரார் மதித்த அறிவாளர். மைந்தர் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே பயின்று, கணிதத்திலும் இயற்கை விஞ்ஞானத்திலும் சிறந்து விளங்கினார். கையிற் பொருள் இல்லை. ஆதலின் 1774ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜினியாவுக்குச் சென்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டினார். 1781இல் தாயகம் திரும்புகையில் அவர் ஏறிவந்த கப்பல் உடைந்துபோக, அரிதின் உயிர் பிழைத்தார். பின்னர்க் கிறித்தவ சமயகுருவாகி, 1787ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னைத் துறையில் வந்திறங்கினார். கல்கத்தாவுக்குச் செல்வதே அவர் எண்ணம். சென்னையிலிருந்த நண்பர்கள் அவரை இங்கேயே நிறுத்திக்கொண்டனர்.

கம்பெனியாரின் படைப்பிரிவுகள் பலவற்றுக்குக் குருவாக அமர்ந்த பெல், குறுகிய காலத்திலேயே செல்வரானார். பொருள் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஆர்வம் இறுதிவரையில் குறையவில்லை. அத்தகையவர் ஒன்றில் மட்டும் வேறு மனிதராக நடந்துகொண்டார். போர்வீரர்களின் அனாதை ஆண்மக்களுக்காகச் சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு பெல்லை வேண்டினர். ஏற்றுக்கொண்ட அவர், அதற்கென உறுதி செய்யப்பட்ட ஊதியத்தை வேண்டாவென மறுத்துவிட்டார்.

அப்பள்ளிச் சிறுவர்களின் தந்தையர் ஐரோப்பிய வீரர். தாயரோ பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்டிர். இருவகை மக்களும் தம்மவர் என ஏற்றுக்கொள்ளாத பிள்ளைகள் அவர்கள். பெல்லும் அவர்தம் தாயரைப் பற்றி இழிவாகவே எழுதிவைத்தார். அஃது அவர் காலத்துப் பிழை மட்டுமன்று, அவர் பிழையுமாகும். ஆயினும் பிள்ளைகளை அவர் வெறுக்கவில்லை. அவர்கள் எழுத்தறிந்து, தொழிலறிந்து, தாமே வாழும் திறம் பெறவேண்டுமென விரும்பினார். அதற்குத் தடையாக நின்றவர்கள் பள்ளியின் உதவியாசிரியர்களே. பழகிய தடத்தை விட்டு அவர்கள் அசைய மறுத்தனர். அரிச்சுவடி வகுப்போ மாதங்கள் பல கழிந்தும் முதலெழுத்துகளிலேயே நின்றது.

ஒரு நாட் காலை பெல் குதிரையேறி உலவச் சென்றார். வழியில் ஒரு மலபார்ப் பள்ளிக்கூடம் எதிர்ப்பட்டது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றே குறிப்பிடுவர். ஆதலின் அது தமிழ்ப் பிள்ளைகளின் திண்ணைப் பள்ளியே எனக் கொள்ளலாம். சிறுவர்கள் தரையில் அமர்ந்து, தம் முன் பரப்பிய மணலில் விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தனர். பலகையும் வேண்டியதில்லை, தாளும் மையும் வேண்டியதில்லை. பிழைபட்டால் கையால் தடவி அழித்து மீண்டும் எழுதலாம். கண்ணும் செவியும் நாவும் விரலும் ஒரே எழுத்தின்மேல் ஒரே சமயத்தில் செல்கின்றன. இதனைக் கண்ட பெல், தாம் நெடுநாள் தேடிய பொருள் கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, குதிரையைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கு விரைந்தார்.

அன்றே அரிச்சுவடி வகுப்பில் மணலைப் பரப்பிக் கற்பிக்குமாறு உதவியாசிரியருக்குக் கட்டளையிட்டார். அவர் சிலநாள் முயன்று, இஃது ஆகாத செயல் எனக் கூறிவிட்டார். ஆகாதது செயலா, அவர்தம் மனமா என்ற ஐயம் பெல்லுக்கு எழுந்தது. அப்போது அவர் துணிந்து செய்த ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தியது. மேல்வகுப்பில் பயின்ற சிறுவன் ஒருவனை அழைத்தார். அவன் பெயர் ஜான் பிரிஸ்கன், சாதாரணப் போர்வீரன் ஒருவனின் மகன், வயது எட்டு. அரிச்சுவடி வகுப்பு முழுவதையும் அவனிடம் ஒப்படைத்தார்.

உதவியாசிரியர் இயலாதென்று கைவிட்டதை அவ்வெட்டு வயதுச் சிறுவன் செய்துகாட்டினான்! வியப்புக்குரியதாயினும், காரணம் விளங்காததன்று. வளர்ந்தவர்க்கு எழுத்தறிதல் மிக எளிதாகத் தோன்றும். அஃது ஏன் ஒருவனுக்கு வாராது நிற்கிறதென அவர் அறியார். பிரிஸ்கனோ எந்த எழுத்தில் தன் விரல் தடுமாறிற்று என்பதை இன்னும் மறவாதவன். மேலும், அவன் சொல்லைக் கேட்கப் பிள்ளைகள் அஞ்சவேண்டியதில்லை. புரியவில்லையெனச் சொல்ல நாணவேண்டியதுமில்லை.

பெல் அத்துடன் நில்லாமல், கீழ்வகுப்புகளை ஒவ்வொன்றாக மாணாக்கரிடமே ஒப்புவித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, அறிந்தவனை அறியாதவன் அருகே அமர்த்தினார். அருகிருப்பவன் பாடத்தில் தவறினால் பொறுப்பு இருவர்க்கும் உரியது. இவர்களுக்கு மேல் மாணவத் துணையாசிரியனும், அவனுக்கு மேல் மாணவ ஆசிரியனும் இருந்தனர். வகுப்பில் திறமை காட்டியவன் மேலிடத்துக்கு ஏறுவான்; சோர்ந்தவன் கீழிறங்குவான். குற்றங்களைக் குறித்துவைக்க ஒரு கறுப்பு ஏடு இருந்தது. வாரந்தோறும் அவ்வேட்டைப் பள்ளி முழுவதும் கூடியிருக்க ஆராய்வர். தண்டனை இன்னதென முடிவு செய்யும் உரிமை மாணாக்கரிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர்க்கே இருந்தது. பிரம்பைக் கையினின்றும் விடாத அக்கால ஐரோப்பியப் பள்ளிகளை நோக்க, இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது புலனாகும்.

இப்பள்ளியிற் பயின்ற வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞனைப் பற்றிய செய்தி ஒன்று சுவையானது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் சென்னையில் பிணையாக வைக்கப்பட்டிருந்தனர். 1794இல் அவர்களை மைசூர் நாட்டிற்கு அழைத்துச் சென்ற குழுவினருடன் ஸ்மித்தும் சென்றான். வயது பதினேழு. விஞ்ஞானக் கருவிகளைத் தன்னுடன் கொண்டுசென்று, திப்பு சுல்தானின் முன்னிலையில் சோதனைகள் பலவற்றைச் செய்துகாட்டி விளக்கினான். பகைவேந்தர் அவையில் நின்று விஞ்ஞானம் விளக்கியவன், தாயகமென ஒன்றைச் சொல்லிக்கொள்ள இயலாத அனாதைப் பள்ளியின் பிள்ளை!

உடல்நலம் குன்றியதால் பெல் 1796ஆம் ஆண்டில் சென்னையை விட்டு நீங்கினார். இந்நாட்டில் அவர் ஈட்டிய செல்வம் 25,000 பவுனுக்கு மேற்பட்டது. மறு ஆண்டு இலண்டனில், எழும்பூர்ப் பள்ளியில் தாம் கண்ட சோதனையை விளக்கிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே.

அந்நாளில் இலண்டனின் தென்பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் தந்தை சல்லடை செய்து விற்பவர். இருபது வயது நிரம்பிய அளவிலே, 1798ஆம் ஆண்டில், தந்தையின் வீட்டில் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டிப் பாடஞ்சொல்லத் தொடங்கினார் லங்காஸ்டர். கூட்டம் பெருகிற்று, உதவியாளர்க்குக் கொடுக்கப் பணமில்லை. ஆகவே மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நாளடைவில் ஒரே கூடத்தில் ஆயிரம் பிள்ளைகள் பயிலும் நிலை ஏற்பட்டது. தொடக்கத்தில் பெல்லும் லங்காஸ்டரும் நட்புடன் சந்தித்து அளவளாவினர். அந்நட்பு நிலைக்கவில்லை. திருச்சபையைச் சேர்ந்தோர் பெல்லின் பக்கமும், சேராதோர் லங்காஸ்டரின் பக்கமும் நின்று, முறையைக் கண்டுபிடித்தவர் யாரென ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். பெல்லின் பெயரால் 1811ஆம் ஆண்டில் தேசியக் கல்விக் கழகம் நிறுவப்பெற்றது. அவர் மறைந்தபோது அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000க்கு மேற்பட்டிருந்தன.

இவ்வழக்கில் வாதிட்ட இருசாராரும் திண்ணைப் பள்ளியை மறந்தனர். மணலில் எழுதும் பழக்கத்தை மட்டுமே தாம் அங்கிருந்து பெற்றதாகவும், மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கருத்தென்றும் பெல் கூறிவந்தார். அவருடைய எழும்பூர்ப் பள்ளிக்குத் தனி அமைப்பு உண்டென்பது மெய்யே. ஆனால் அக்கருத்து இந்நாட்டுக்குப் புதிதன்று. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1623ஆம் ஆண்டில், பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர் நால்வர் ஆசிரியரின்றித் தாமே கணக்குப் பயில்வதைக் கண்டார். தரையில் மணலைத் தூவி எழுதி, எழுதியதை இசையுடன் பாடிக்கொண்டிருந்தனர் அவர்கள். ஐயம் எழுந்தால் தீர்ப்பவர் யாரெனப் பயணி வினவினார். ஒரே ஐயம் நால்வர்க்கும் ஒருசேர வாராது என்றும், ஒருவன் அறியாததை மற்றொருவன் அறிந்திருப்பான் என்றும் அவர்கள் விடையளித்தனர். பெல்லின் பெருநூலில் உள்ள சாரம் அச்சிறுவர் விடையிலேயே அடங்கியிருந்தது. கம்பெனியின் இயக்குநர்களும் 1814ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், பெல் இங்கிலாந்துக்குக் கொணர்ந்த முறை இந்தியரிடம் தொன்றுதொட்டு வழங்கியதே என ஒப்புக்கொண்டனர்.

அம்முறை இங்கிலாந்தில் தழைத்த அதே காலத்தில், பிறந்த மண்ணில் அதன் நிலை வேறாயிற்று. 1823ஆம் ஆண்டில் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் கேம்பெல், சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். காலையில் முதலில் வரும் மாணவன் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவதும், இரண்டாமவன் கையில் சுழியமிடுவதும், பின்வருவோர்க்குப் பிரம்படி ஒவ்வொன்றாகக் கூடுவதும் அதில் உள்ளன. மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் வியந்து போற்றுகின்றார். அடுத்து அவர் எழுதியிருப்பது துன்பந் தருவது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழும் அம்மாவட்டத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகள் 7,000 பேர்கூட இல்லை. இங்கிலாந்துத் துணிகள் வந்து குவிந்தமையால் நெசவாளர் வறியராயினர். பிள்ளைகளின் கைகளும் உழைப்புக்கு வேண்டியனவாயின. பள்ளிகள் பல மூடிக்கிடந்தன.

இங்கிலாந்திலும் இம்முறை குறையற்றதாய் அமையவில்லை. பெல்லின் கருத்தே ஓரிடத்தில் குறுகிநின்றது. ஏழைப் பிள்ளைகள் படிக்க அறிந்தால் போதும். எல்லார்க்கும் எழுத்தும் கணக்கும் வேண்டுவதில்லை என்பது அவர் எண்ணம். சல்லடை விற்பவர் மகனான லங்காஸ்டரும் சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு கொடுந்தண்டனைகளை நடத்தினார்; குற்றம் செய்த சிறுவனைக் கூடையிலிட்டு மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டதும் உண்டு. பணமிச்சம் கருதியே பலர் இம்முறையை விரும்பினர். நூறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது மாறி, ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றாயிற்று. கற்பிக்கும் சிறுவன் தான் கற்பதற்கு நேரமின்றி நின்றான். ஆதலால் 1846ஆம் ஆண்டில் அரசினர் புதிய திட்டமொன்றை வகுத்தனர். பதின்மூன்று வயது நிரம்பிய மாணவர் ஐந்தாண்டு பயிற்சி மாணவ ஆசிரியராக அமர்வர்; பகலில் இளையோர்க்குக் கற்பிப்பர்; தலைமையாசிரியரிடம் நாள்தோறும் தாமும் பாடங்கேட்பர்; ஊதியமும் பெறுவர். பிரிஸ்கனுக்குக் கிடைக்காத உரிமைகள் அவர்களுக்குக் கிடைத்தன.

பெல்லின் இல்வாழ்க்கை இனிதாக அமையவில்லை. மணந்த சில ஆண்டுகளிலேயே மனைவியார் பிரிந்தார். முதுமையில் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிடுவதே அவர் வாழ்வாயிற்று. ஆசிரியர்களைக் கடிந்து பேசும் அவர், பிள்ளைகளிடம் மட்டும் மகிழ்ந்து பேசுவார் என்பர். 1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் செல்ட்டன்ஹாம் நகரில் அவர் காலமானார். அரசர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடலை அடக்கம் செய்தனர். வாழ்நாள் முழுதும் சிக்கனமாகச் சேர்த்த சுமார் 1,20,000 பவுனைக் கல்விக்கே எழுதிவைத்திருந்தார்.

அச்செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு பள்ளி எழுந்தது. மதராஸ் கல்லூரி என்பது அதன் பெயர். கல்லூரி என்று வழங்கினும் அது பள்ளிக்கூடமே. முடிதிருத்துவோர் மகன் பிறந்த அவ்வூரின் பிள்ளைகள் இன்றும் சென்னையின் பழம்பெயரைத் தாங்கிய அப்பள்ளியிற் பயில்கின்றனர்.