கிஃப்ட் சிரோமணி

கிஃப்ட் சிரோமணி (1932 – 1988) தமிழ்நாட்டைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆவார். இவர் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இவரது மனைவி இராணி சிரோமணி அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியராக இருந்தார். பல்லவர் சிற்பங்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றையும் இவர் ஆராய்ந்தார்.

எழுத்துகளும் எண்களும்

ஆங்கிலத்துக்குக் குளோட் ஷானன் 1951 இல் செய்த கணக்கீட்டைப் போலத் தமிழ் உரைநடையின் என்ட்ரோபி அளவைக் கணித்து 1963 இல் கட்டுரை வெளியிட்டார். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அறிவதற்கான முறையொன்றைச் சக ஆய்வாளர்களுடன் 1978 இல் வெளியிட்டார். எழுத்தின் வடிவத்தை வரிசை வரிசையாகவும் நிரல் நிரலாகவும் வருடி, கிடைக்கும் குறியீட்டுச் சரத்தை அகராதியுடன் ஒப்பிடுவது அம்முறை.

கோல இலக்கணம்

இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் இணைந்து 1972 முதல் பட மொழிகள் பற்றி எழுதினார். 1974 இல் வந்த கட்டுரை வாசலில் இடும் கோலத்தையே பொருளாகக் கொண்டது. இவர்கள் அமைத்த அணி இலக்கணத்தில் முதலில் கிடைவரிசையில் ஒரு குறித்தொடர் உருவாகும். பின்னர் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு நிரல் கீழ்நோக்கி வளரும். நிரலை வளர்க்கும் விதிகள் சீரான இலக்கண வகையைச் சேர்ந்தவை.

நிரலர்கள் பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் கோட்பாட்டு வடிவமும் இதே ஆற்றல் உடையதே. நிரலில் இரு மேற்கோள் குறிகளுக்கு இடைப்பட்ட உரையைப் பிரிக்க, தொடக்கக் குறி, மேற்கோள் குறி அல்லாத எழுத்துகள் எத்தனையாயினும், முடிவுக் குறி என்று வடிவம் அமைத்தால் போதும். 'எந்த எழுத்தாயினும்' என்று எழுதினால் வரியின் கடைசிக் குறி வரை விழுங்கிவிடும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இது. அடைப்புக்குள் அடைப்பாக எல்லையின்றிச் செல்லும் உரைக்கு இவ்விதிகள் போதா. ஆழத்தை எண்ணி வைக்க இவற்றுக்கு நினைவகம் இல்லை.

பிரிகுறி இல்லாத உரை

சிந்துவெளி முத்திரைகளின் சிக்கல் வேறு. அங்கு சொற்களுக்கு இடையே வெளி விடப்படவில்லை. அப்துல் ஹக்குடன் இணைந்து, அருகருகே வரும் குறிகளின் நிகழ்வெண்களைக் கொண்டு நீண்ட தொடர்களைத் துண்டுகளாகப் பிரிக்கும் கணித முறையை இவர் உருவாக்கினார். அடிக்கடி இணைந்து வரும் குறிகள் ஒரே துண்டில் அமையும். இணைப்பு நலிந்த இடம் வெட்டாகும். இப்பணி குறித்த கட்டுரை 1988 இல் வெளியானது. அவ்வெழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. ஆதலால் வெட்டுகள் சரியான இடங்களில் விழுந்தனவா என்பதைச் சரிபார்க்க வழியில்லை.