அதிமனிதனைப் படைத்த எளியவர்: ஜெர்ரி சீகல்

போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவுகளில் விளையும் ஏலம், போடிநாயக்கனூருக்கு இறங்கிவந்து தரம் பிரிக்கப்பெற்று விலைபோகின்றது. அதனைப் பறித்த கை எவருடையதென வாங்குவோர் அறியார். சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரின் கதைகளைப் படித்து வியந்த தமிழ்ச் சிறுவர்களும் அவற்றை எழுதியவரை அறிந்திலர். அவருள் ஒருவர், சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 17.10.1914 அன்று பிறந்தார். துணிக்கடை நடத்திய தந்தையார், 1932இல் கடையில் நிகழ்ந்த திருட்டின்போது உயிர்நீத்தார். மறு ஆண்டில் தாமே நடத்திய சிற்றிதழில், பள்ளித் தோழர் ஜோ ஷஸ்டர் ஓவியம் தீட்ட, அதிமனிதனைத் தீயவனாகவே சீகல் முதலில் படைத்தார். பின்னரே அவனை எளியோர்க்குத் துணைவனாக்கினார். 1938இல் சூப்பர்மேனின் உரிமை 130 டாலருக்குக் கைமாறியது.

உரிமை கோரி இருவரும் 1947இல் வழக்குத் தொடுத்தனர். படைத்தோர் பெயர் படைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1959இல் சீகல் பெயரின்றியே மீண்டும் எழுத வந்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கதையில், அழியவிருக்கும் தன் பிறந்த கோளுக்கே நாயகன் ஆற்றலிழந்து திரும்புகின்றான், பெற்றோரைக் காண்கின்றான், காதல் கொள்கின்றான். முடிவு யாவர்க்கும் முன்பே தெரியும். ஆயினும் அம்முடிவை நோக்கியே கதை உருக்கத்துடன் நடக்கின்றது. வல்லமையைப் பறித்துவிட்டு மனிதனைக் காட்டியதே அக்கதைப்பின்னலின் சிறப்பு.

இங்கிலாந்தின் லயன் வார இதழில் 1965இல் ஸ்பைடரைத் தொடங்கியவர் டெட் கோவன். ஓவியர் ரெக் பன். கோவனின் கதைகள் கொள்ளைத் திட்டமும் காவலரின் துரத்தலுமாகக் காரண காரியத்துடன் நகர்ந்தன. மறு ஆண்டில் சீகல் எழுதலானதும் விந்தைப் பகைவர் பெருகினர். பின்னலின் இறுக்கம் தளர்ந்தது, வியப்பு மிகுந்தது. நாளடைவில் கொள்ளையன் குற்றங்களை எதிர்ப்பவனானான். 1933இல் தீயவனாகத் தோன்றிய அதிமனிதன் நல்லவனான அதே வழி அது. நாயகன் ஒருவனே ஆயினும் ஆசிரியர் மாறக் கதைப்பின்னல் மாறும். நாயகர் வேறாயினும் ஓர் ஆசிரியரின் கதைப்பின்னல் அவருடனேயே செல்லும். லயன் இதழும் எழுதியவர் பெயரை அச்சிடவில்லை. கதையின் போக்கே அவர்தம் கையொப்பமாயிற்று.

பிற்காலத்தில் சீகல் தட்டச்சராகப் பணிபுரிந்து வாழ்ந்தார். 1975இல் ஓய்வூதியம் வழங்கப்பெற்றது. சூப்பர்மேன் கதைகளில் இருவர் பெயரும் மீண்டும் இடம்பெற்றன. 28.01.1996 அன்று அவர் மறைந்தார்.